லினக்ஸ் டெஸ்க்டாப்பின் அழகும் ஆட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் லேப்டாப்பை எட்டிப் பார்க்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பல வருடங்களாக லினக்ஸில்தான் என் அன்றாட வேலை. அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் ஒரு மேக் என்று மற்ற இரண்டோடும் புழக்கம் உண்டு. அதனால் பதில்களில் கொஞ்சம் லினக்ஸ் பாசம் தெரியலாம். மற்றவை மேல் பகை எதுவும் இல்லை.

லினக்ஸ் என்றாலே கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பதுதானே? அதில் அழகு எங்கே வந்தது?

அந்தக் கறுப்புத் திரை இன்றும் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதைத் திறக்காமலே வருடக்கணக்கில் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். லினக்ஸ் பல வடிவங்களில் கிடைக்கிறது; உபுண்டு, மிண்ட், ஃபெடோரா எதைப் போட்டாலும் முதலில் வருவது ஐகான், மெனு, வால்பேப்பர் எல்லாம் உள்ள முழு டெஸ்க்டாப்தான்.

விஷுவல் எஃபெக்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்? உள்ளே என்ன நடக்கிறது?

சாளரத்தின் கீழே விழும் நிழல், மினிமைஸ் செய்யும்போது அது சுருங்கிப் போகும் விதம், பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும் கண்ணாடி ஓரங்கள், இழுத்தால் துணிபோல நெளிவது எல்லாமே எஃபெக்ட்தான்.

முன்பு கணினித் திரை என்பது தெருவில் உள்ள ஒற்றைச் சுவர் மாதிரி. எல்லா நிரல்களும் அதன் மேலேயே போஸ்டர் ஒட்டின. மேலே இருந்த போஸ்டரை எடுத்துவிட்டால், அடியில் இருந்தவர் வந்து தன் படத்தை மறுபடி வரைய வேண்டும். அந்த நிரல் அப்போது தொங்கிப்போயிருந்தால் வரைய ஆள் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தொங்கிய சாளரத்தின் மேல் இன்னொரு சாளரத்தை இழுத்தால், சீட்டுக்கட்டை விரித்ததுபோல நூறு நகல்கள் கோடுபோட்டுக்கொண்டே வருமே, நினைவிருக்கிறதா? அதற்குக் காரணம் இதுதான்.

பிறகு வந்தது கம்பாசிட்டர். இப்போது யாரும் சுவரில் நேரடியாக ஒட்டுவதில்லை. ஒவ்வொரு நிரலும் தன் சாளரத்தை நினைவகத்தில் தனித்தாளில் வரைந்து கொடுத்துவிடும். எல்லாத் தாள்களையும் வாங்கி, எது மேலே எது கீழே என்று அடுக்கி, ஒரே படமாகத் திரைக்கு அனுப்புவது கம்பாசிட்டரின் வேலை. அடுக்குகிற வேலையைக் கிராபிக்ஸ் சிப் செய்கிறது. விளையாட்டுகளில் சுவருக்கும் தரைக்கும் படம் ஒட்டுவதற்காகவே பிறந்த சிப் அது. சாளரம் ஒரு படத்தாள் என்று ஆகிவிட்ட பிறகு அதைச் சாய்க்கலாம், மடக்கலாம், கனசதுரத்தின் பக்கத்தில் ஒட்டிச் சுற்றலாம். நிரலுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

நினைவகத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. 1920க்கு 1080 அளவில் முழுத்திரைச் சாளரம் ஒன்று, புள்ளிக்கு 4 பைட் வீதம், ஏறத்தாழ 8 எம்பி பிடிக்கும். பத்துச் சாளரம் திறந்தால் 80. இன்றைக்கு இது ஒன்றுமில்லை. 2006இல் இது பெரிய விஷயம்.

இந்த எஃபெக்ட் எல்லாம் விண்டோஸைப் பார்த்து லினக்ஸ் காப்பி அடித்ததுதானே?

வரிசையைப் பார்த்துவிடலாம். முதல் மரியாதை மேக்குக்கு. 2001இல் வெளிவந்த மேக் ஓஎஸ் டென் முதல் நாளிலிருந்தே கம்பாசிட்டரோடுதான் வந்தது. 2002இல் அந்த வேலையைக் கிராபிக்ஸ் சிப்பின் தலையில் கட்டினார்கள். திறந்திருக்கும் எல்லாச் சாளரத்தையும் சின்னதாக்கிப் பரப்பிக் காட்டும் எக்ஸ்போஸே 2003இல் வந்தது. அதை லினக்ஸ்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விண்டோஸ் கதை வேறு. நாவெல் நிறுவனத்தில் இருந்த டேவிட் ரெவ்மன் லினக்ஸுக்கு எழுதிய காம்பிஸ் என்ற கம்பாசிட்டர் 2006 தொடக்கத்தில் வெளியானது. டெஸ்க்டாப்பைக் கனசதுரமாகச் சுற்றியது, சாளரங்களை ஜெல்லிபோல ஆட்டியது. ஏரோ என்ற கண்ணாடித் தோற்றத்தோடு விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது 2007 ஜனவரி 30 அன்று. நடுவிலேயே காம்பிஸ் கூட்டத்தில் சண்டை வந்து, பெரில் என்று ஒரு கிளை பிரிந்து, 2007இல் மறுபடி ஒன்று சேர்ந்து காம்பிஸ் ஃப்யூஷன் ஆனார்கள். அந்த அக்டோபரில் வந்த உபுண்டு 7.10இல், தாங்கக்கூடிய கிராபிக்ஸ் இருந்தால் காம்பிஸ் தானாகவே ஓடியது.

இன்னொன்று: ஒன்றுக்கு மேற்பட்ட டெஸ்க்டாப்களை வைத்துக்கொண்டு மாறிக்கொள்ளும் வசதி யூனிக்ஸ், லினக்ஸ் உலகத்தில் 1990களிலேயே சாதாரணம். விண்டோஸில் அது இயங்குதளத்தோடு சேர்ந்து வந்தது 2015இல், விண்டோஸ் 10இல்.

அந்த ஆடும் சாளரம் எப்படி ஆடுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. காம்பிஸ் ஒவ்வொரு சாளரத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை விரிக்கிறது: நீளத்துக்கு நான்கு, அகலத்துக்கு நான்கு, மொத்தம் 16 புள்ளிகள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங். தலைப்புப் பட்டையை மவுஸால் பிடித்தால், அருகில் உள்ள புள்ளி கையோடு வந்துவிடும். மற்றவை ஸ்பிரிங் இழுத்த பிறகுதான் கிளம்பும். அதனால் சாளரத்தின் வால் பின்தங்கி வருகிறது. விட்டதும் ஸ்பிரிங்குகள் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போய் அடங்கும். பள்ளி இயற்பியலில் எடையைக் கட்டித் தொங்கவிட்ட சுருள்வில் என்ன செய்ததோ அதேதான்.

அந்த ஸ்பிரிங் கணக்கை எழுதியவர் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க். இதே மனிதர் 2008இல் வேலண்ட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிற்பாடு காம்பிஸின் காலை வாரிவிட்டது அந்த வேலண்ட்தான். அது கீழே வருகிறது.

அப்போது ஏரோவுக்கு அவ்வளவு செலவு, காம்பிஸுக்கு மட்டும் எப்படி ஓசி?

ஏரோவுக்கு 1 ஜிபி ரேமும் 128 எம்பி கிராபிக்ஸ் நினைவகமும் புது வகை டிரைவரும் (சிப்பை இயக்கும் மென்பொருள்) வேண்டும் என்றார்கள். அதற்கு மேல் எந்தப் பதிப்பு என்பதும் ஒரு கேள்வி: விலை குறைந்த ஹோம் பேஸிக் வாங்கியவருக்குக் கணினி எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கண்ணாடி கிடையாது.

இதில் ஒரு வழக்கே நடந்தது. விஸ்டா வருவதற்கு முன்பே கடைகளில் கணினிகளின் மேல் 'விஸ்டா கேப்பபிள்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அவற்றில் பல ஹோம் பேஸிக்கைத் தவிர வேறெதையும் ஒழுங்காக ஓட்டாது. இன்டெலின் 915 சிப் இருந்த கணினிகளும் அதில் அடக்கம். அந்தச் சிப்புக்கு ஏரோ கேட்ட டிரைவரே வரவில்லை. ஏமாந்தவர்கள் 2007இல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டார்கள். 2008இல் கூட்டு வழக்காக ஏற்ற நீதிமன்றம், 2009இல் அந்த அந்தஸ்தை எடுத்துவிட்டது. அதே 915 சிப்பில் லினக்ஸ் போட்டவர்கள் கனசதுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

2009இல் சின்ன நெட்புக்குகளோடு வந்த விண்டோஸ் 7 ஸ்டார்டர் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் வால்பேப்பரை மாற்ற முடியாது. தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை, கூடக் காசு கொடுத்தால் மாற்றலாம். இன்றும் ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ் 11இல் தோற்றத்தை மாற்றும் பக்கம் பூட்டித்தான் இருக்கும்.

அழகு ஒரு விற்பனைச் சரக்கு என்றால் பதிப்புக்குப் பதிப்பு அளந்துதான் கொடுப்பார்கள். லினக்ஸில் அளப்பதற்கு ஆள் இல்லை.

எந்த டெஸ்க்டாப்பைப் போடுவது?

லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது தனிப் பொருள். அடியில் இருக்கும் இயங்குதளத்தை மாற்றாமல் மேலே இருப்பதை மட்டும் மாற்றலாம். எஃபெக்ட் ஆசை இருந்தால் கேடிஇ பிளாஸ்மா. நெளியும் சாளரம், மேக் பாணியில் பூதம் குடுவைக்குள் போவதுபோல மினிமைஸ் ஆவது, மூடும்போது சில்லுசில்லாக உடைவது எல்லாம் அதில் உள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளில் டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து டிக் அடித்தால் போதும். இடையில் எடுத்துவிட்டிருந்த கனசதுரத்தையும் 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அனிமேஷன் வேகத்துக்கு ஒரு ஸ்லைடரும் உண்டு. நான் அதை வேகத்தின் பக்கம் நன்றாகத் தள்ளித்தான் வைத்திருக்கிறேன்.

க்னோம் இதற்கு நேர் எதிர். கொஞ்சம் அனிமேஷன், ஆனால் எண்ணெய் போட்டதுபோல வழுக்கும். மேக்கில் பழகியவர்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். விண்டோஸில் பழகிய அப்பா அம்மாவுக்கு மிண்ட்டில் வரும் சின்னமன். ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் பழசு என்றால் எக்ஸ்எஃப்சிஇ. அதிலும் நிழல், ஒளி ஊடுருவும் சாளரம் வரை உண்டு.

க்னோமில் கனசதுரம் வேண்டுமென்றால்?

எக்ஸ்டென்ஷன் போடலாம். கனசதுரம், நெளிதல், மூடும்போது சாளரம் தீப்பிடித்து எரிவது, எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய க்னோம் வரும். எக்ஸ்டென்ஷன்கள் க்னோமின் வயிற்றுக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் என்பதால் உள்ளே ஏதாவது மாறினால் இவை படுத்துவிடும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45க்கு எல்லா எக்ஸ்டென்ஷனையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பதினைந்து எக்ஸ்டென்ஷன் போட்டுக் கோபுரம் கட்டுகிறவர்கள் அப்டேட் அன்று காலையில் வெறும் தரையைப் பார்ப்பார்கள். நான் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

காம்பிஸ் இன்னும் இருக்கிறதா?

மூச்சு இருக்கிறது. மாட்டே டெஸ்க்டாப்போடு சேர்த்துப் போடலாம். ஆனால் அது எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பின் மேல் மட்டுமே ஓடும். எக்ஸ்11 பிறந்தது 1987இல். கம்பாசிட்டர் என்ற எண்ணமே அதில் பிற்பாடு ஒட்டுப்போட்டது.

எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்ட் முறையில் கம்பாசிட்டர் ஒட்டாக இல்லை, அதுவே வீட்டுக்காரர். திரையையும் மவுஸையும் விசைப்பலகையையும் அதுதான் நேரடியாக ஆள்கிறது. அதனால் காம்பிஸைக் கொண்டுவந்து நடுவில் செருக இடமே இல்லை. புதிதாகத்தான் எழுத வேண்டும். அப்படி எழுதியது வேஃபயர் என்ற கம்பாசிட்டர். கனசதுரம், நெளிதல், தீ எல்லாம் அதில் மறுபிறவி எடுத்திருக்கின்றன. உபுண்டு 25.10இலிருந்து உள்நுழையும் திரையில் எக்ஸ்11 தேர்வே காணாமல் போய்விட்டது. காம்பிஸ் பிரியர்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தார்கள், வருத்தத்தோடு.

உண்மையைச் சொல்லுங்கள், இதனால் ஏதாவது பயன் உண்டா? பந்தாவுக்குத்தானே?

கனசதுரம் பந்தாதான். ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் புரொஜெக்டரில் அதைச் சுற்றிக் காட்டினேன். ஒரு மணி நேரம் லினக்ஸ் பற்றிப் பேசியதில் மாணவர்களுக்கு நினைவில் நின்றது அது மட்டும்தான். "சார், இது விண்டோஸ் எத்தனை?" என்று ஒரு பையன் கேட்டான்.

ஆனால் கம்பாசிட்டர் பந்தா இல்லை. வீடியோவின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் வேறு வேறு நொடியைக் காட்டிக் குறுக்கே கிழிந்து தெரியாமல் இருப்பதற்கு அதுவே காரணம். ஒரு சாளரம் மினிமைஸ் ஆகும்போது எங்கே போய் ஒளிகிறது என்று கண் பின்தொடர்வதும் உதவிதான். கணினிக்குப் புதியவர்களுக்கு "ஐயோ, அழிந்துபோச்சே" என்ற பயம் வராது. எல்லாச் சாளரத்தையும் பரப்பிக் காட்டுவதை நான் ஒரு நாளில் நூறு முறையாவது பயன்படுத்துவேன். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் பெரிதாக்கும் வசதியும் கம்பாசிட்டரின் தயவில் நடப்பதுதான்.

எனக்கு ஆட்டமே பிடிக்காது, தலை சுற்றுகிறது. நிறுத்த முடியுமா?

மூன்றிலும் ஓரளவுக்கு முடியும். விண்டோஸ் 11இல் அக்சஸிபிலிட்டி பகுதியில் ஒளி ஊடுருவலுக்கும் அனிமேஷனுக்கும் தனித்தனி பொத்தான்கள் உண்டு. மேக்கிலும் அப்படியே. 2025 செப்டம்பரில் வந்த மேக் ஓஎஸ் டஹோவின் 'லிக்விட் கிளாஸ்' தோற்றத்தில் எழுத்துக்குப் பின்னால் எல்லாம் தெரிந்து படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று புலம்பியவர்கள் அந்தப் பக்கத்துக்குத்தான் ஓடினார்கள். ஆனால் அந்தத் தோற்றமே வேண்டாம், பழையதைக் கொடு என்றால் மேக்கில் வழியில்லை. விண்டோஸ் 8 வந்தபோது கண்ணாடி வேண்டும் என்றவர்களிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதையும் யாரும் கேட்டுச் செய்யவில்லை.

லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇயில் ஒரு டிக்கை எடுத்தால் கம்பாசிட்டரே நின்றுவிடும். எக்ஸ்11இல் ஓடும் கேடிஇயில் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த நொடியில் அத்தனை அலங்காரமும் போகும்; மறுபடி அழுத்தினால் வரும். வேலண்டில் கம்பாசிட்டரை நிறுத்த முடியாது, எஃபெக்ட்களை மட்டும் அணைக்கலாம். லினக்ஸில் எனக்குப் பிடித்த எஃபெக்ட் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அடுத்த பதிப்பில் தோற்றத்தை மாற்றினாலும், பிடிக்காதவர் வேறு டெஸ்க்டாப்புக்குக் குடிபோகலாம். கோப்புகளும் நிரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. தொல்லையா?

முன்பைவிடக் குறைவு. இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸுக்கு எதுவும் தேட வேண்டியதில்லை, டிரைவர் லினக்ஸோடேயே வரும். என்விடியாவுக்கு அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவரைத் தனியாகப் போடுவதுதான் வழக்கம். உபுண்டுவிலும் மிண்ட்டிலும் அதற்கென்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. வேலண்டில் சாளரங்கள் மினுக்மினுக்கென்று துடிக்கும் நோய் 2024இல் வந்த 555 வரிசை டிரைவரோடு பெரும்பாலும் தீர்ந்தது. பழைய கார்டுகளுக்குப் புது டிரைவர் வராது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியே விண்டோஸ் மாதிரி, மேக் மாதிரி மாற்றலாமா?

தூரத்தில் நின்று பார்த்தால் ஏமாறுகிற அளவுக்கு மாற்றலாம். கிட்டே வந்தால் ஐகான் ஒரு பாணி, பொத்தான் ஒரு பாணி என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கேடிஇயில் முழுத் தோற்றத்தையும் மாற்றும் தீம்கள் வெறும் படங்கள் கிடையாது, உள்ளே நிரலும் ஓடும். 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீமை நிறுவிய ஒருவருடைய கோப்புகள் மொத்தமும் அழிந்துபோயின. செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கட்டளையில் தவறு. யாரோ ஏற்றிய தீமைப் போடுவதற்கு முன் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்தில் கூடுதலாக என்னதான் கிடைக்கிறது?

நிறையக் கிடைக்கிறது, மறைக்க விரும்பவில்லை. முதலில் ஒருமைப்பாடு. மேக்கில் கணினி, திரை, டிராக்பேட், மென்பொருள் எல்லாம் ஒரே வீட்டில் சமைத்தவை. மூன்று விரலால் தள்ளினால் திரை விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். க்னோம் இப்போது அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அதே டிராக்பேட்டில் ஒரு பழைய நிரலைத் திறந்தால் ஸ்க்ரோல் வேகம் வேறாக இருக்கும். லேப்டாப் மூடியை மூடினால் தூங்கி, திறந்தால் உடனே விழிப்பது மேக்கில் நிச்சயம். லினக்ஸில் அந்த லேப்டாப் மாடலைப் பொறுத்தது. கைரேகை சென்சாரும் அப்படித்தான்.

இரண்டாவது, வெவ்வேறு கூர்மையுள்ள இரண்டு திரைகள். உருவ அளவை லேப்டாப் திரையில் 150 சதவீதம், வெளித் திரையில் 100 சதவீதம் என்று வைத்தால் பழைய எக்ஸ்11 நிரல்களின் எழுத்து மங்கிப்போகும். வேலண்டில் நாளுக்கு நாள் சரியாகிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, நிரல்கள். ஃபோட்டோஷாப், பிரீமியர், கணினியில் நிறுவும் எம்எஸ் ஆபீஸ் எதுவும் லினக்ஸுக்கு இல்லை. டிசைன் வேலை அதில்தான் ஓடுகிறது, வாடிக்கையாளர் அந்தக் கோப்பைத்தான் கேட்கிறார் என்றால், எந்தக் கனசதுரத்தையும் நம்பி மாறாதீர்கள்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 என் கணினியில் ஏறவில்லை. எஃபெக்டோடு லினக்ஸ் ஓடுமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினி என்றால் அது வாசலிலேயே நின்றுவிடும். கிராபிக்ஸ் கணக்கில் அந்தக் கணினிகள் ஒன்றும் கிழடு இல்லை. கேடிஇயின் எல்லா எஃபெக்டையும் போட்டாலும் சும்மா ஓடும். திரையில் எது மாறியதோ அந்த இடத்தை மட்டுமே கம்பாசிட்டர் மறுபடி வரைவதால், சும்மா இருக்கும்போது பேட்டரியும் வீணாவதில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், அந்த வித்தியாசத்துக்கு முன்னால் எந்த எஃபெக்டும் நிற்காது.

தமிழ் எப்படி?

எழுத்து வடிவம் மூன்றிலும் நன்றாகவே வருகிறது. உபுண்டுவில் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்தால் தட்டச்சும் தயார். மேக்கில் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு விசைப்பலகை முறைகளும் வெகுகாலமாக உள்ளேயே இருக்கின்றன. லினக்ஸில் இடறுகிற இடம் அந்தக் கறுப்புத் திரைதான்: ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்று அது பிடிவாதம் பிடிப்பதால் பல டெர்மினல்களில் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும்.

இருப்பதை அழிக்காமல் பார்க்க வழி உண்டா?

உண்டு. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். கேடிஇ வரும் ஃபெடோராவையோ குபுண்டுவையோ இறக்கி, அதற்கான நிரலால் பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள்; சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது. பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முன்பே எடுத்து வையுங்கள். கணினியை அதிலிருந்து பூட் செய்தால் முழு டெஸ்க்டாப்பும் பென்டிரைவையும் ரேமையும் வைத்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை, சத்தம், தூங்கி விழிப்பது மூன்றையும் முதலில் சோதியுங்கள். கனசதுரம் எங்கும் ஓடிவிடாது. விளையாடி முடிக்கும் வரை திரையில் இருக்கும் 'நிறுவு' ஐகானின் பக்கம் மட்டும் மவுஸைக் கொண்டுபோகாதீர்கள்.